கத்தி பட்ட ஓரம்: கைவைத்த கார்டுகளும் கிரேடிங் லேபிளின் நம்பகமும்

கேள்வி இதுதான்: “பிஎஸ்ஏ 8 என்று லேபிள் போட்ட பழைய பேஸ்பால் கார்டு ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ‘ஸ்லாபுக்குள் இருக்கிறது, இனி என்ன சந்தேகம்’ என்கிறார் விற்பவர். ஸ்லாபுக்குள் போன கார்டிலும் யாராவது கைவைத்திருக்க முடியுமா? வைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?”

முடியும். புதியவர்களுக்காக ஒரு வரி: பிஎஸ்ஏ என்பது கார்டின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை தரம் போடும், அதாவது கிரேடிங் செய்யும் நிறுவனம்; தரம் போட்ட கார்டை லேபிளோடு அடைத்து மூடும் பிளாஸ்டிக் பெட்டிதான் ஸ்லாப். கைவைத்ததற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பிஎஸ்ஏ நிறுவனம் 1991-ல் தொடங்கியபோது முதல் சான்று எண் கொடுத்த கார்டே போதும். அது 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுக்கப்பட்ட டி206 தொடரில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு. பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி அதை 1985-ல் 25,000 டாலருக்கு வாங்கினார். 1991-ல் சோத்பிஸ் ஏலத்தில் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மக்னாலும் சேர்ந்து, கமிஷன் உட்பட 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். பிறகு பிஎஸ்ஏ அதற்கு 8 என்று தரம் போட்டது. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013-ல், ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஸ்ட்ரோ, அந்தக் கார்டின் பக்க ஓரங்களைத் தானே நறுக்கியதையும் சேர்த்து ஒப்புக்கொண்டார். 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வெட்டியவரே ஒப்புக்கொண்ட பிறகும் லேபிளில் 8 என்ற எண் அப்படியே நின்றது.

ஆகவே லேபிளை ஒரு அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள ஒருவர், ஒரு நாள், சில நிமிடங்கள் பார்த்துச் சொன்ன அபிப்பிராயம். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனால்தான் அதற்குக் காசு கொடுக்கிறோம். ஆனால் பணம் போகும் இடம் கார்டு. பார்க்க வேண்டியதும் கார்டைத்தான்.

எதைக் கைவைத்தது என்கிறோம்? அச்சகத்தை விட்டு வெளியே வந்த பிறகு, நிலை நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கார்டின் அட்டையிலோ மையிலோ அளவிலோ செய்த மாற்றம். கையாண்டதால் முனை மழுங்குவது தேய்மானம். மழுங்கிய முனையை மறைக்க ஓரத்தைச் சீவுவது மோசடி. பிஎஸ்ஏ எண்ணில் தரம் போட மறுக்கும்போது ஒரு காரணக் குறியீடு தரும். என்-1 என்றால் நறுக்கியதற்கான தடயம், என்-2 ஒட்டுவேலை, என்-3 சாயம் பூசியது, என்-5 அட்டையின் தன்மை மாறியது, என்-6 குறைந்தபட்ச அளவு இல்லை, என்-7 சலவை செய்தது. என்-6 வந்தால் பலர் பதறுகிறார்கள். அது ‘யாரோ நறுக்கினார்கள்’ என்ற தீர்ப்பு அல்ல. அச்சகத்திலேயே குட்டையாக வெட்டப்பட்ட கார்டுக்கும் அதே குறியீடு வரும்.

எல்லாரும் ஒத்துக்கொள்ளாத சாம்பல் பகுதியும் உண்டு. பழைய ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிய கார்டை வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுப்பதை, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டுகளைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் தப்பாக நினைப்பதில்லை. சூயிங்கம் உறையின் மெழுகு முன்பக்கத்தில் ஒட்டியிருந்தால் நைலான் துணியால் மெல்லத் தேய்த்து எடுப்பதும் அப்படித்தான். தண்ணீரைத் தாண்டி ரசாயனத்துக்குப் போனால் கோட்டைத் தாண்டியாயிற்று என்பது என் கணக்கு. காமிக்ஸ் உலகத்தில் அழுத்திச் சமப்படுத்துவது ஏற்கப்பட்ட வழக்கம். ஒட்டுவேலை செய்த பிரதிக்குத் தனியே ஊதா நிற லேபிள் உண்டு. கார்டு உலகத்தில் அந்தச் சமரசம் வரவில்லை. இங்கே அழுத்தினாலும் மறைத்துத்தான் விற்கிறார்கள், சிக்கலே அங்கேதான்.

இனி நறுக்கல். கைவைப்புகளில் அதிகம் நடப்பதும், கண்டுபிடிக்க வேண்டிய முதல் விஷயமும் இதுதான். அளவு தெரியாமல் ஆரம்பிக்க முடியாது: டி206 கார்டு 36.5 × 66.7 மி.மீ.; 1933 கவுடி நிறுவனக் கார்டு 60.3 × 73 மி.மீ.; 1952 முதல் 1956 வரையான டாப்ஸ் நிறுவனக் கார்டு 66.7 × 95.3 மி.மீ.; 1957-லிருந்து டாப்ஸும் இன்றைய பெரும்பாலான கார்டுகளும் 63.5 × 88.9 மி.மீ. ஆனால் அளவு மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அச்சகத்திலேயே கொஞ்சம் அகலமாக, 64.0 மி.மீ. அகலத்தில் வெட்டப்பட்ட கார்டு ஒன்று. இடது வெள்ளை ஓரம் 3.4 மி.மீ., வலது 2.6 மி.மீ. மொத்தம் 6.0, ஆகவே மையம், அதாவது இரண்டு ஓரங்களின் விகிதம், ஏறக்குறைய 57/43. பிஎஸ்ஏ 10-க்கு முன்பக்கம் சுமார் 55/45 வேண்டும், கிடைக்காது. இடது பக்கம் 0.4 மி.மீ. சீவினால் ஓரங்கள் 3.0-ம் 2.6-ம், மையம் 54/46, அகலம் 63.6. இப்போது மையமும் தேறியது, அளவும் தேறியது, சீவிய பக்கத்தின் இரண்டு முனைகளும் ஊசிபோல ஆகிவிட்டன. தாடைக்கு நடுவே வைத்து அளக்கும் கேலிப்பர் இதைப் பிடிக்கவே பிடிக்காது. மாறாக 70/30 மையப்பிசகு உள்ள சாதாரண அளவுக் கார்டை இப்படிச் சரிசெய்ய 2 மி.மீ. வெட்ட வேண்டும்; அதை எந்தத் தரமிடுபவரும் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே கெட்டிக்கார நறுக்கல்காரர் தேடுவது பெரிய அளவுக் கார்டை. ‘ஓரம் தாராளமாக உள்ள’ சுமார் தரக் கார்டுகளுக்குச் சில ஏலங்களில் விசித்திரமாக விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு தந்திரம் இதைவிட மோசம். ஈரப்பதமும் சூடும் கொடுத்து அழுத்தினால் அட்டையின் இழைகள் பரவி, கார்டு ஒரு துளி பெரிதாகும். அந்தக் கூடுதல் இடத்தை வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் சீவினால் அளவும் சரியாக இருக்கும், முனைகளும் புதிதாக இருக்கும். இப்படிச் செய்த கார்டு அதே தொடரின் மற்றக் கார்டுகளைவிடச் சற்று மெலிந்திருக்கும். மேற்பரப்பின் இயல்பான சொரசொரப்பும் படுத்துப்போயிருக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஓரத்தின் முகத்தை. அட்டையின் கனம் தெரியும் அந்த மெல்லிய பக்கத்தை, 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில், ஒரு பக்கமிருந்து விழும் வெளிச்சத்தில் பாருங்கள். நூறு வருடக் கார்டின் முன்பக்கமும் பின்பக்கமும் பழுப்பேறியிருந்தால் ஓரமும் பழுப்பேறியிருக்க வேண்டும். உள்ளட்டையின் வெளிர் நிறம் எட்டிப் பார்த்தால் அது சமீபத்தில் காற்றைக் கண்ட ஓரம். அச்சகத்தின் பழைய கில்லட்டின் (தாள் கட்டை மேலிருந்து வெட்டும் இயந்திரம்) வெட்டில் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சற்று நசுங்கியிருக்கும். ரேசர் பிளேடால் இழுத்து வெட்டிய ஓரம் வழவழவென்று, சாய்த்தால் ஒரே கோடாக மின்னும். கைப்பிடி வைத்த காகித வெட்டுப்பலகையில் வெட்டினால் ஓரம் மெல்ல உள்வாங்கி வளையும். கோடு முடியும் இடத்தில் முனை கொக்கிபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

எந்தக் கருவியையும்விட உதவும் ஒரு பழக்கம் உண்டு: ஒரே கார்டின் நான்கு ஓரங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது. நான்கும் ஒரே பிறவி, ஒரே வயது. மூன்று ஓரம் அழுக்கேறி, ஒன்று மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தால் அதற்கு வேறு விளக்கம் கிடையாது. இரண்டு முனை மழுங்கி, எதிர்ப்பக்க இரண்டு முனை மட்டும் கூராக இருப்பதும் அப்படியே. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். அச்சகத்தில் கோணலாக வெட்டப்பட்ட கார்டிலும் எதிரெதிர் ஓரங்கள் பொதுவாக ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். படம்தான் சாய்ந்து தெரியும். இணையே தவறினால் சந்தேகப்படுங்கள். அளக்கும்போது உலோகக் கேலிப்பரின் தாடையை அழுத்திவிடாதீர்கள், மெல்லிய பழைய அட்டையில் பள்ளம் விழும். பிளாஸ்டிக் தாடை உள்ளது நல்லது. அதைவிட நல்லது, அதே தொடரின் விலை குறைந்த, சந்தேகமில்லாத கார்டு நாலைந்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுவது.

தொடரின் குணம் தெரியாமல் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. டி206-ல் பின்பக்கம் ‘அமெரிக்கன் பியூட்டி’ விளம்பரம் உள்ள கார்டுகள் இயல்பாகவே அகலம் குறைந்தவை. அவற்றை நறுக்கியது என்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்தப் பின்பக்கம் உள்ள கார்டு மற்ற டி206 அளவுக்கு அகலமாக இருந்தால், பின்பக்கத்தை மாற்றி ஒட்டியிருக்கிறார்களோ என்று யோசிக்க வேண்டும். கனடாவின் ஓ-பீ-சீ ஹாக்கி கார்டுகளின் ஓரம் பிய்த்ததுபோல் நாராக இருப்பது வெட்டிய முறையால் வந்த பிறவிக் குணம். 1979 தொடரின் கிரெட்ஸ்கி அறிமுகக் கார்டு நான்கு பக்கமும் வழுவழுவென்று வந்தால், அழகாக இருக்கிறதே என்று மகிழாதீர்கள். 1961 முதல் 1963 வரை போஸ்ட் தானியப் பெட்டிகளிலும், 1975 முதல் 1979 வரை ஹோஸ்டஸ் கேக் பெட்டிகளிலும் வந்த கார்டுகள் வீட்டில் கத்தரியால் வெட்டியெடுக்கவே அச்சிடப்பட்டவை. அங்கே கைவெட்டு குற்றமில்லை. ஆனால் உறையில் வந்த தொடரின் வெட்டாத முழுத்தாளை வாங்கி, இன்றைய இயந்திரத்தில் வெட்டி, ‘பாக்கெட்டில் வந்தது’ என்று விற்பது வேறு. அட்டை அசல், மை அசல், வெட்டு மட்டும் போலி. ஓரத்தின் முகத்தைத் தவிர அதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இருக்காது.

சாயம் பூசுவது, நிறம் ஓரம்வரை ஓடும் தொடர்களின் வியாதி. 1971 டாப்ஸின் கறுப்பு ஓரம், 1986 ஃப்ளீர் கூடைப்பந்துக் கார்டின் சிவப்பு நீலக் கரை, 1975 டாப்ஸின் இரட்டை நிறக் கரை எல்லாமே தொட்டால் வெள்ளை உதிர்ந்து தெரியும் வகை. கறுப்பு மார்க்கர் ஒன்று போதும், 5 தரக் கார்டு தூரத்திலிருந்து 7 போலத் தெரிய. லூப்பில் பார்த்தால் தப்பாது. அச்சு மை புள்ளிகளாகவோ சீரான பூச்சாகவோ மேற்பரப்பில் நிற்கும்; மார்க்கர் மை இழைகளுக்குள் இறங்கி, புள்ளிகளுக்கு நடுவிலுள்ள வெள்ளையையும் நனைத்து, ஓரத்தின் முகத்திலும் வழிந்திருக்கும். அச்சடித்த கறுப்பு ஓரத்தின் முகம் வெள்ளையாகவோ பழுப்பாகவோதான் இருக்கும், கறுப்பாக இராது. சாய்த்துப் பார்த்தால் பூசிய இடம் மட்டும் மினுமினுப்பு மாறும், சில மார்க்கர்கள் செம்பு நிறத்தில் மின்னும். ஈரப் பஞ்சால் துடைத்துச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். விற்பவருடைய கார்டில் அதைச் செய்யாதீர்கள், உங்களுடையதிலும் வேண்டாம்.

புற ஊதா விளக்கு வாங்குவதானால் 365 நானோமீட்டர் வாங்குங்கள். மலிவான 395 விளக்கிலிருந்து ஊதா வெளிச்சமே நிறைய வரும். எது ஒளிர்கிறது, எது வெறுமனே ஊதாவைத் திருப்பி அடிக்கிறது என்று தெரியாது. காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிரும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாக வந்தன. ஆகவே 1909-ம் வருடக் கார்டோ 1933-ம் வருடக் கார்டோ இருட்டறையில் நீலமாகப் பளிச்சிட்டால் அட்டையே பிற்காலத்தது, அல்லது ஏதோ பிற்காலச் சரக்கு அதன் மேல் பட்டிருக்கிறது. முனையில் மட்டும் ஒளிர்ந்தால் முனை புதிதாகக் கட்டப்பட்டது. பின்பக்கம் மட்டும் ஒளிர்ந்தால் வேறு தாள் ஒட்டப்பட்டது. கவனிக்க வேண்டியது, இந்தச் சோதனை ஒருவழிப் பாதை: ஒளிராததால் அசல் என்று ஆகிவிடாது. பழைய தாளையே தேடி எடுத்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். முனை கட்டுவது எப்படி என்றால், விலை குறைந்த பழைய கார்டின் இழையைச் சுரண்டி, பசையோடு குழைத்து, மழுங்கிய முனையில் அடுக்கி, அழுத்தி, நிறம் கொடுத்து, கடைசியில் சீவுவார்கள். நான்கு குற்றங்கள் ஒரே முனையில். பலமான வெளிச்சத்தைப் பின்னால் வைத்து ஊடுருவிப் பார்த்தால் கட்டிய முனை மற்ற இடத்தைவிடக் கருப்பாகவோ வெளிறியோ தெரியும்.

மடிப்பை மறைப்பவர்கள் பழைய காலத்தில் கரண்டியின் முதுகால் தேய்ப்பார்கள். இன்று ஈரமும் சூடும் சேர்ந்த அழுத்தும் இயந்திரம் இருக்கிறது. உடைந்த இழை சேர்வதில்லை, படுக்க வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஈரப்பதம் மாறும் இடத்தில் சில மாதங்களோ வருடங்களோ இருந்தால் இழை மறுபடி எழுந்து, ஸ்லாபுக்குள்ளேயே மடிப்பு திரும்பிவிடும். 8 என்று லேபிள் ஒட்டிய பழைய ஸ்லாபில் பளிச்சென்று மடிப்புக்கோடு தெரிந்தால் தரமிட்டவர் தூங்கிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அன்று கோடு தெரியாமல் இருந்திருக்கலாம். வெளுக்கும் ரசாயனமும் இப்படித்தான் பிறகு பழிவாங்கும். கறை போகும், அட்டை அந்தக் காலத்துக்குப் பொருந்தாத வெண்மையாகும், பிறகு சரியாகக் கழுவாத மிச்சம் காகிதத்தை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும். ஸ்லாபில் இல்லாத கார்டானால் முகர்ந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம், குளோரின் வாசனை லேசில் போகாது.

புதிய கார்டுகளில் நோய் வேறு. குரோம் வகை மினுங்கும் மேற்பரப்பில் உள்ள கீறலையும் கோடுகளையும் பாலிஷ் திரவம் போட்டுத் தேய்த்து மறைக்கிறார்கள். ஒற்றை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: அச்சகக் கோடு ஒரே திசையில் நேராக ஓடும், தேய்த்த தடம் வட்டவட்டமாகச் சுழலும். விரல் ரேகையைத் துடைப்பதற்கும் இதற்கும் எல்லை எங்கே என்பதில் சேகரிப்பாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. 1990-களின் ஃபைனஸ்ட் கார்டுகளில் உற்பத்தியாளரே ஒட்டிய பாதுகாப்புப் படலத்தை உரிப்பது மட்டும் கைவைப்பாகாது, அது உரிப்பதற்காகவே ஒட்டியது.

வீரரின் ஜெர்சித் துணித்துண்டை உள்ளே பதித்த கார்டில் நடப்பது துணி மாற்றம். வெறும் ஒற்றை நிறத் துண்டை எடுத்துவிட்டு, மூன்று நிறமும் தையலும் தெரியும் துண்டைச் செருகினால் விலை பல மடங்காகும். ஜன்னல்போல வெட்டிய இடத்தின் உள்விளிம்பில் இழை கிளம்பியிருக்கிறதா, பசை பிதுங்கியிருக்கிறதா, கார்டின் பக்கவாட்டுச் சேர்க்கை ஒருமுறை பிரிந்து ஒட்டியதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறங்கள் அந்த அணியின் அந்த வருடச் சீருடையில் உண்டா என்பதையும் பாருங்கள். இந்த வகைக் கார்டுகளில் வரிசை எண் அச்சிட்டிருக்கும்; 99-ல் 23-வது என்றால் அந்த எண்ணுள்ள கார்டின் பழைய விற்பனைப் படத்தைத் தேடி, துணியை ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பெரும்பாலோர் செய்வதில்லை.

பழைய படத்தோடு ஒப்பிடுவது ஸ்லாபில் இருக்கும் கார்டுக்கும் பொருந்தும். உள்ளே அடைத்த பிறகு ஓரத்தின் முகத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது, பிளாஸ்டிக் புற ஊதா ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும், கனமும் தெரியாது. அங்கே நம் கையிலிருக்கும் பலமான ஆயுதம் பழைய படங்கள்தான். 2019-ல் வெடித்த விவகாரம் இப்படித்தான் வெளிவந்தது. சேகரிப்பாளர்கள் பழைய ஏலப் படங்களைத் தோண்டி, முன்பு குறைந்த தரத்தில் விற்ற கார்டே பிறகு ஓரம் குறைந்தும் முனை கூராகியும் அதிகத் தரத்தில் வந்திருப்பதைப் பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டினார்கள். எஃப்பிஐ விசாரணை வரை போனது.

ஒப்பிடும் முறை சொல்கிறேன். முதலில் கார்டின் கைரேகையைக் கண்டுபிடிக்க வேண்டும்: வானத்தில் ஒரு மைத்துளி, எழுத்தருகே ஒரு வெள்ளைப் பொட்டு, நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று விலகி விழுந்த அளவு, அட்டையிலுள்ள மரத்துணுக்கு. அச்சகத் தட்டில் இருந்த குறை அதே தட்டில் அச்சான எல்லாக் கார்டிலும் வரும், ஆகவே ஒரு பொட்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். மூன்று நான்காவது பொருந்த வேண்டும். பிறகு இரண்டு படங்களையும் ஜிம்ப் போன்ற மென்பொருளில் இரண்டு அடுக்காகத் திறந்து, மேலடுக்கைப் பாதி தெளிவாக்குங்கள். பொருத்தும்போது கார்டின் வெளி ஓரத்தை வைத்துப் பொருத்தக் கூடாது. அதுதானே மாறியிருக்கலாம் என்று பார்க்கிறோம். உள்ளே அச்சான சட்டத்தின் நான்கு மூலைகளை வைத்து அளவையும் சாய்வையும் சரிசெய்யுங்கள். உள்சட்டம் நான்கு மூலையிலும் பொருந்திய பிறகு வெளி ஓரங்களைப் பாருங்கள். பழைய படத்தில் இடது ஓரம் 40 பிக்சல், புதியதில் 35 என்றால் வெட்டு விழுந்திருக்கிறது. ஸ்கேனரில் எடுத்த படமாக இருந்தால் இந்தக் கணக்கு நம்பகமானது. செல்போனில் சாய்த்து எடுத்த படத்தில் 2, 3 பிக்சல் வித்தியாசத்தைக் காட்டிக் குற்றம் சாட்டக் கூடாது. ஸ்லாபின் உள்விளிம்பு கார்டின் ஓரத்தை மறைத்தும் இருக்கும்.

ஸ்லாபே போலியாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். உண்மையான சான்று எண்ணைத் திருடி, போலி லேபிளில் அச்சிட்டு, போலிப் பெட்டியில் அடைப்பார்கள். எண்ணைத் தேடினால் சரியாகத்தான் காட்டும். நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணோடு படமும் இருந்தால் மையத்தையும் பொட்டுகளையும் ஒப்பிடுங்கள். அசல் பெட்டியைத் திறந்து உள்ளே மட்டமான கார்டை வைத்து மூடியிருந்தால், பற்றவைத்த விளிம்பில் பனி படர்ந்ததுபோல் வெள்ளைத் தடமோ நெம்பிய காயமோ தெரியும். உள்ளே இருக்கும் கார்டே மறுஅச்சாக இருந்தால் எழுத்தை லூப்பில் பாருங்கள்: அசலில் கறுப்பு எழுத்து கெட்டியான கறுப்பாக இருக்கும், ஸ்கேன் செய்து அச்சிட்டதில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். 1986 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டான் கார்டுக்கு இந்தச் சோதனை செய்யாமல் பணத்தை எடுக்கவே கூடாது.

இப்போது நிறுவனங்களின் நேர்மை. இவர்கள் எல்லாரும் கூட்டுக் களவாணிகள் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. நேரமும் பணமும் சேர்ந்து செய்யும் வேலை அது. 2021 மார்ச்சில் பிஎஸ்ஏ குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. அவ்வளவு நெருக்கடியில் ஒரு கார்டுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? 0.4 மி.மீ. சீவலைப் பிடிக்க நேரம்தான் வேண்டும். அடுத்தது கட்டணம். கார்டின் மதிப்பு ஏற ஏற கட்டணமும் ஏறும். எதிர்பார்த்ததைவிட உயர்ந்த தரம் வந்தால் கூடுதல் கட்டணம் கேட்பதும் உண்டு. அதிக தரம் போட்டால் நிறுவனத்துக்கு வருமானம் என்ற ஏற்பாடு, யாரும் தவறு செய்யாவிட்டாலும் பார்க்க நன்றாக இல்லை. மூன்றாவது, மொத்தமாகக் கார்டு அனுப்பும் வாடிக்கையாளர்கள். கைவைத்த கார்டு அனுப்புகிறவரும் பெரும்பாலும் மொத்தமாக அனுப்புகிறவர்தான்.

எதிர்ப்பக்கத்தில் உத்தரவாதம் இருக்கிறது: தவறான தரம் என்று நிறுவனமே ஏற்றுக்கொண்டால் ஈடு தர வேண்டும். ஆனால் தவறா இல்லையா என்று தீர்மானிப்பவரும் அவரே. பழைய ஸ்லாபை ‘நறுக்கியது’ என்று ஒப்புக்கொள்வது தன் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பது என்றால், அவசரப்பட்டு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

உடைத்து மறுபடி அனுப்பும் விளையாட்டும் இதோடு சேர்ந்தது. 9 வந்த கார்டின் ஸ்லாபை உடைத்து, 10 வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். பழைய லேபிளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் எத்தனை கார்டு தரமிடப்பட்டது என்ற எண்ணிக்கைப் பட்டியலில் ஒரே கார்டு மூன்று, நான்கு முறை உட்கார்ந்திருக்கும். உடைத்தவுடன் பழைய வரலாறும் போகிறது; என்-1 வாங்கிய கார்டு இன்னொரு நாள், இன்னொரு கண்ணில் 8 வாங்கலாம். இதை அடைக்க இயந்திரக் கண் உதவும். பிஎஸ்ஏயின் தாய் நிறுவனம் 2021-ல் ஜெனமிண்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. படத்திலிருந்து கார்டின் அடையாளத்தைப் பதிந்து, அதே கார்டு மாற்றத்தோடு திரும்ப வந்தால் கண்டுபிடிப்பதுதான் அதன் தொழில்நுட்பம். நல்ல காரியம். ஆனால் இயந்திரம் பார்த்திராத கார்டுக்கு அது உதவாது. 1990-களிலும் 2000-களிலும் படம் எடுக்காமலே அடைக்கப்பட்ட ஸ்லாபுகள் சந்தையில் ஏராளம். கெட்டிக்கார வியாபாரிகள் ‘பழைய ஸ்லாப், கடுமையாகத் தரம் போட்ட காலம்’ என்று அதையே விளம்பரமாக்குகிறார்கள். எனக்கு அது எச்சரிக்கையாகத்தான் படுகிறது.

உங்கள் 8-க்கு வருவோம். சான்று எண்ணைத் தேடி, படம் இருந்தால் ஒப்பிடுங்கள். விற்பவரிடம் முன்பின் இரண்டும் 600 டிபிஐ ஸ்கேனாகவும், நான்கு ஓரங்களை விளக்கருகே சாய்த்து எடுத்த படமாகவும் கேளுங்கள். ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பட்டியல்களில் அதே வீரரின் 5, 6, 7 தரக் கார்டுகளைத் தேடிப் பொட்டுகளைப் பொருத்திப் பாருங்கள். கார்டு ஸ்லாபுக்குள் வழக்கத்தைவிட அதிகம் ஆடுகிறதா என்று கேளுங்கள். ஆடினாலே குற்றமில்லை, ஆனால் மற்ற அறிகுறியோடு சேர்ந்தால் கனம் கூடும். பணம் கொடுக்குமுன் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். கையில் வந்ததும் லூப்பை எடுத்து முதலில் ஓரங்களை, பிறகு முனைகளை, கடைசியில் படத்தைப் பாருங்கள். படத்தில் ஆரம்பித்தால் கண் மயங்கிவிடும்.

சந்தேகம் உறுதியானால் எக்காரணம் கொண்டும் ஸ்லாபை உடைக்காதீர்கள். வெளியே எடுத்த கார்டுக்கு உத்தரவாதம் செல்லாது. ஒப்பீட்டுப் படங்களையும் வாங்கிய ரசீதையும் சேர்த்து, முதலில் விற்றவரிடம் திருப்பிக் கேளுங்கள். அவகாசம் முடிந்துவிட்டால் அதே கட்டோடு கிரேடிங் நிறுவனத்துக்கு மறுபரிசீலனைக்கு எழுதுங்கள். அவர்கள் மறுத்து, கார்டு உங்களிடமே தங்கினால், பிறகு விற்கும்போது அந்த ஒப்பீட்டுப் படத்தையும் விளம்பரத்தில் போடுங்கள். ‘அசல், ஆனால் மாற்றப்பட்டது’ என்ற லேபிளோடு வரும் அரிய பழைய கார்டுகளுக்கும் வாங்க ஆள் இருக்கிறது. 8-இன் விலை கிடைக்காது, அசலின் விலை கிடைக்கும்.